குளிப்பாட்டிய கடிகாரம்

கொழிஞ்சாம்பாறை,
11 ஜனவரி 1920

சேசுவின் திரு இருதயம் துணை நிற்க.

மலையில் இருக்கும் அண்ணா மத்தியாஸ் அவர்களுக்குத் தங்கை பிலோமி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நானும் மாமியாரும் தேக சுகத்தோடு இருக்கிறோம். பள்ளிவாசல் எஸ்டேட் குளிரில் உங்கள் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒருத்தியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் கை நிறையக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. உங்கள் மாப்பிள்ளை காணாமற்போன பிறகு வந்த மூன்றாவது கிறிஸ்துமஸ். சண்டையில் பஸ்ராவுக்குப் பக்கத்தில் மூட்டை சுமக்கும் கூலிப் பட்டாளத்துப் படகு ஆற்றில் கவிழ்ந்தது, பவுல்ராஜைக் காணவில்லை, இறந்ததாகக் கருதலாம் என்று சர்க்கார் அனுப்பிய காகிதம் மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. "கருதலாம்னா என்ன? அவங்களுக்கே தெரீலீன்னுதான அர்த்தம்" என்கிறார் மாமியார். பெற்றவளிடம் நான் என்ன பேசுவது?

மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சூசையப்பன் தம் கிணற்றில் மாடு பூட்டி இறைத்து நம் கடலைக் காட்டுக்கும் தண்ணீர் விட்டார். பெண்சாதியை இழந்தவர், பாவம். கேட்காமலே செய்தார்.

ஒரு சந்தேகம். உங்கள் மாப்பிள்ளை கப்பலேறப் போகும்போது நீங்கள் உங்கள் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட கைக்கடிகாரம் ஆற்றில் விழுந்தால் ஓடுமா? சும்மா தோன்றியது, கேட்டேன்.

இப்படிக்கு,
பிலோமி

---

பள்ளிவாசல்,
2 பிப்ரவரி 1920

மாதாவின் நிழல் உன் வீட்டின்மேல் இருக்கட்டும்.

பிலோமி கண்ணு, உன் கடிதம் கிடைத்தது. சளி இருக்கிறது, நானும் இருக்கிறேன், ஒருவரை ஒருவர் விடுவதாக இல்லை.

என் வாட்சுகளைப் பற்றி நீ கேலி செய்வது போதாதென்று இங்கே கங்காணி மொக்கையனும் சேர்ந்துகொண்டான். டீ பாக்டரி வாசலில் எல்லார் முன்னாலும், "ரைட்டரய்யா, வளையல் போட்டாச்சு, மூக்குத்தி எப்பம்?" என்கிறான். ஆண்பிள்ளை என்றால் சட்டைப் பையில் சங்கிலி தொங்கவேண்டுமாம். சண்டையில் இருந்த சிப்பாய்கள் அத்தனை பேரும் மணிக்கட்டில்தான் கட்டியிருந்தார்கள் என்று சொன்னால் சிரிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? வெள்ளிக் கூடு, கண்ணாடிமேல் சின்னக் கம்பி வலை, இருட்டில் பச்சையாக ஒளிவிடும் எண்கள். பட்டாளத்து வாட்சைக் காதில் வைத்தால் எனக்குப் பசி மறந்துபோகும். ஊருக்குத் திரும்பும் துரைமார் கொடுத்ததும் நானாகத் தேடியதுமாக மேசை இழுப்பறை நிறைந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஒவ்வொன்றாகச் சாவி கொடுப்பதுதான் என் பொழுதுபோக்கு.

ஒலவக்கோட்டில் ரயில் கார்டாக இருக்கும் ஏசுதாஸும் என்னைப்போல ஒரு பைத்தியம். ஊர் திரும்பும் சிப்பாய்களிடம் வாங்கி ஒரு பொட்டலம் அனுப்புவதாக எழுதியிருக்கிறார். அதற்காகக் காத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆற்றில் கிடந்த வாட்சு ஓடாது. ஆனால் நீ ஏன் அப்படியெல்லாம் நினைக்கிறாய்? மாப்பிள்ளை ஏதாவது ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடப்பார், ஒரு நாள் வந்து நிற்பார். நம்பிக்கையை விடாதே. அதை நீ விட்டால் நான் தாங்கமாட்டேன்.

உன் அண்ணன்,
மத்தியாஸ்

---

பள்ளிவாசல்,
9 மார்ச் 1920

நண்பர் ஏசுதாஸுக்கு,

குசலம் விசாரிக்க மனம் வரவில்லை, மன்னியும்.

பொட்டலம் நேற்று வந்தது. பிரித்ததும் முதலில் நான் என்ன செய்வேன் என்று உமக்குத் தெரியும். பிறத்தியார் வியர்வை குடித்த தோல்வாரை வீட்டுக்குள் வைக்கமாட்டேன். எல்லா வார்களையும் கழற்றி, பாக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன். சீட்டி அடித்துக்கொண்டு வந்தேன் ஐயா. பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பின்மூடியைத் திறந்தேன்.

அதில் ஒன்றில் சேறு இருந்தது. சக்கரங்களெல்லாம் துரு. முகத்தட்டு தண்ணீர் ஊறிக் கறுத்திருந்தது. மூடியின் உட்புறத்தைத் துடைத்தேன். பழுது பார்க்கிறவர்கள் அங்கே ஊசியால் தம் அடையாளத்தைக் கீறி வைப்பது வழக்கம் அல்லவா? அங்கே ஒரு சிலுவையும் அதன் கீழ் ஒரு மீனும் இருந்தன. அது என் அடையாளம். அந்த வாட்சு என்னுடையது. பஸ்ராவுக்குப் போன என் தங்கை புருஷன் கையில் நானே கட்டிவிட்டது.

இதை உமக்கு விற்றவன் யார்? எங்கே எடுத்தான்? அவன் கையில் எப்படி வந்தது? தயவுசெய்து மறுதபாலில் எழுதும். நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை.

மத்தியாஸ்

---

ஒலவக்கோடு,
16 மார்ச் 1920

அன்பர் மத்தியாஸுக்கு,

கர்த்தர் உமக்குத் தைரியம் தரட்டும். என் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உமக்கு இப்படி ஒரு செய்தியை என் கையாலேயே அனுப்பினேனே என்று வருத்தப்படுகிறேன்.

விற்றவன் பெயர் தெரியாது. பம்பாயிலிருந்து வந்த சிப்பாய், ஷொர்ணூரில் இறங்கிப் போய்விட்டான். சேற்றோடு இருக்கிறதே என்று நான் கேட்டேன். ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பிரேதத்தின் கையிலிருந்து கழற்றியதாகச் சொன்னான். கூலிப் பட்டாளத்து ஆள், நம் பக்கத்துக் கறுத்த மனிதர், கழுத்தில் செபமாலை இருந்தது, அங்கேயே மணலில் புதைத்தோம் என்றான். இதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் இறந்தவன் பொருளை வாங்குவது குற்றம். இந்த விஷயத்தில் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது. எனக்குப் பெண் மக்கள் இருக்கிறார்கள்.

ஏசுதாஸ்

---

பள்ளிவாசல்,
6 ஏப்ரல் 1920

உயிர்த்த ஆண்டவர் சமாதானம் தருவாராக.

பிலோமி கண்ணு, பாஸ்கு வாழ்த்துகள். மாமியாருக்கும் சொல். இங்கே மழை இல்லாமலே மேகம் வந்து ஜன்னலை அடைக்கிறது. கொழுந்து நன்றாக வருகிறது. புதிய துரை கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். மொக்கையன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, எனக்கு அரிசிமாவுப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தான்.

ஏசுதாஸ் அனுப்பிய பொட்டலம் வந்தது. அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வாட்சில் மட்டும் நிறைய வேலை இருந்தது. அதை மெதுவாகச் செய்தேன். உனக்குச் சொன்னால் புரியாது. உனக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன், நீலம். கடலை எப்படி? ஜபத்தை விடாதே. எனக்காகவும் வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
மத்தியாஸ்

---

கொழிஞ்சாம்பாறை,
13 ஜூன் 1920

அந்தோணியார் திருநாளன்று எழுதுகிறேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் உங்களையும் என்னையும் பார்க்கட்டும்.

அண்ணா, சேலை கிடைத்தது. இரண்டு கடிதம் போட்டும் உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? எப்போதும் வாட்சைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறவர் போன கடிதத்தில் மேகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உங்களைவிட்டால் எனக்கு யார்? சூசையப்பன் என்னைக் கேட்டிருக்கிறார். முறையாக, கோயிலில் வைத்து, தாலி கட்டிக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். "வேண்டாமுன்னா சொல்லிப்போடுங்க, தண்ணி அப்பவும் உடுவேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. அவரைத் தூரத்தில் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறேன், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். சர்க்கார் காகிதத்தைப் படித்துவிட்டு, "கருதலாம் என்றுதான் இருக்கிறது, இறந்தார் என்று இல்லையே அம்மா. சாட்சியமில்லாமல் உன்னை விதவை என்று நான் சொல்ல முடியாது" என்றுவிட்டார். சூசையப்பனுடைய தாய்க்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் இல்லையே, அதற்குள் மகனுக்கு முடியவேண்டும் என்று நிற்கிறார். நானில்லாவிட்டால் வடகரைப்பதியில் ஒரு பெண் தயாராக இருக்கிறாள்.

கட்டிய புருஷன் செத்ததற்கு அத்தாட்சி தேடுகிறேன். இது பாவமென்றால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். நீங்கள் பட்டாளத்து ஆட்களின் சாமான்களைப் பார்க்கிறவர். எப்போதாவது அந்த வாட்சு உங்கள் கண்ணில் பட்டால் மறைக்காமல் எழுதுங்கள். அதன் வார் அவர் கைக்குப் பெரிதாக இருந்ததால் நான்தான் வெட்டிச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டேன். அந்தத் தையலை ஊரே அறியும், என் கைவேலை அது. சாமியாரின் அங்கிகளைக்கூட நான்தான் தைக்கிறேன், அவருக்கும் தெரியும்.

தங்கை,
பிலோமி

---

பள்ளிவாசல்,
8 ஆகஸ்ட் 1920

பிலோமி,

மேலே எழுதவேண்டிய ஆசீர்வாத வரியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பு இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ரெஜிஸ்தர் தபாலில் ஒரு பெட்டி வரும். அதற்குள் மாப்பிள்ளையின் வாட்சு. மார்ச்சு மாதமே என் கைக்கு வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒதுங்கியவரின் கையிலிருந்து ஒரு சிப்பாய் கழற்றியது. கழுத்தில் செபமாலை இருந்ததாம். மணலில் புதைத்தார்களாம். என் தோழர் ஒருவர் அந்தச் சிப்பாயிடம் வாங்கி எனக்கு அனுப்பினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் வருவார் என்கிற நினைப்பில்தான் நீ எழுந்து நடமாடுகிறாய் என்று நம்பினேன். பேனாவை எடுப்பேன், வைப்பேன். உன் ஜூன் கடிதம் வந்த பிறகும் இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் வேறு. அதையும் சொல்கிறேன்.

அந்த வாரை நான் பார்க்கவே இல்லை. மற்றவற்றோடு சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் மூடியைத் திறந்து என் கீறலைப் பார்த்தேன்.

அன்று அதைச் சேறும் துருவுமாக மேசைமேல் விட்டுவிட்டுப் படுக்க என்னால் முடியவில்லை. செத்தவரைக் குளிப்பாட்டாமல் அடக்கம் செய்கிற வழக்கம் நமக்கு உண்டா? அவரை யார் குளிப்பாட்டினார்கள்? வெள்ளைத் துணி விரித்தேன். மெழுகுதிரி ஏற்றி, புனிதர் மன்றாட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பென்சீனில் கழுவினேன். துரு தின்ற சக்கரங்களை எடுத்துவிட்டு, அதே சாதி வாட்சு ஒன்று என்னிடம் இருந்ததே, அதிலிருந்து எடுத்துப் போட்டேன். கறுத்த முகத்தட்டையும் மாற்றினேன். கூட்டை மெருகேற்றினேன். கடைசியில் சாவி கொடுத்ததும் ஓடியது. அன்று நான் அழுத மாதிரி நம் அப்பா போனபோதுகூட அழவில்லை.

நீ அத்தாட்சி கேட்டு எழுதியபோதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் கீறல் இருக்கிறது. சாமியாரிடம் காட்டு. நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்கிறேன்.

மத்தியாஸ்

---

கொழிஞ்சாம்பாறை,
5 செப்டம்பர் 1920

சேசுவே இரக்கமாயிரும்.

அண்ணா, பெட்டி வந்தது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும், அதை மனதாரவே எழுதுகிறேன். கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அவர் உயிரோடு திரும்பவேண்டும் என்று முழங்காலில் நின்றிருக்கிறேன். அப்படி நின்றுகொண்டே இன்னொருவரை நினைத்தேன் என்று என்னையே அடித்துக்கொண்டேன். ஒரு வரி போதுமாயிருந்தது.

மாமியாருக்குத் தெரியாமல் வாட்சைச் சாமியாரிடம் கொண்டுபோனேன். காதில் வைத்துக் கேட்டார். "இது ஆற்றில் கிடந்ததா? நேற்றுக் கடையில் வாங்கியது போல இருக்கிறதே அம்மா" என்றார். மூடியைத் திறந்து சிலுவையையும் மீனையும் காட்டினேன்.

"யார் கீறியது?"

"என் அண்ணன்."

"எப்போது?"

பவுல்ராஜ் போவதற்கு முன்னால் என்றேன். "முந்தாநாள் கீறினாலும் இப்படித்தானே இருக்கும்?" என்றார். வார் எங்கே என்று அவரே கேட்டார். எரிந்துபோனது என்றேன். "உனக்குக் கல்யாண ஆசை, உன் அண்ணன் வாட்சு சேர்க்கிறவர். எனக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கு நான் இதை எப்படி எழுதுவேன், நீயே சொல்" என்றார். வைது சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

ஒரே ஒரு வழி காட்டினார். சிப்பாயிடம் வாங்கியவர் நேரில் வந்து, கேட்டதைச் சுவிசேஷத்தின்மேல் கைவைத்துச் சொன்னால் எழுதி அனுப்புகிறேன் என்றார். உங்கள் தோழரை அழைத்து வாருங்கள் அண்ணா. அவர் காலில் விழவேண்டுமானாலும் விழுகிறேன். சூசையப்பன் காத்திருக்கிறார், அவர் தாய்தான் காத்திருக்கமாட்டேன் என்கிறார்.

பிலோமி

---

பள்ளிவாசல்,
12 செப்டம்பர் 1920

நண்பர் ஏசுதாஸுக்கு,

நீரும் உம் குடும்பமும் நீடூழி வாழவேண்டும். அந்த வேண்டுதலோடுதான் இதைத் தொடங்குகிறேன்.

ஒரு நாள் லீவு போட்டுக் கொழிஞ்சாம்பாறைக்கு வாரும். சிப்பாய் சொன்னதை அங்கே சாமியாரிடம் அப்படியே சொல்லும். வாங்கினேன் என்றுகூடச் சொல்லவேண்டாம், அவன் காட்டினான், பார்த்தேன் என்று சொன்னால் போதும். என் இழுப்பறையில் இருக்கிற அத்தனையும் உமக்கு. அந்தச் சதுர முக வாட்சை எத்தனை முறை கேட்டீர், நான் தரமாட்டேன் என்றேனே, அதுவும் உமக்கு. எனக்கு ஒன்றும் வேண்டாம். என் தங்கை வாழவேண்டும்.

மத்தியாஸ்

---

ஒலவக்கோடு,
20 அக்டோபர் 1920

அன்பர் மத்தியாஸுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சாமியார் மேற்றிராணியாருக்கு எழுதுவார், மேற்றிராணியார் பட்டாளத்துக்கு எழுதுவார், பட்டாளம் ரயில்வேக்கு எழுதும். பிறகு என் பெண்களைக் கட்ட யார் வருவார்கள்? உம் வாட்சுகள் எனக்கு வேண்டாம். நான் அப்படி ஒரு சிப்பாயைப் பார்த்ததே இல்லை. இனி யார் கேட்டாலும் இதுதான் என் பதில். எனக்கு எழுதவேண்டாம்.

ஏசுதாஸ்

---

பள்ளிவாசல்,
3 நவம்பர் 1920

பிலோமி கண்ணு,

சகல ஆத்துமாக்கள் திருநாள் நேற்று. மாப்பிள்ளைக்கென்று ஒரு திரி ஏற்றினேன்.

ஏசுதாஸ் மறுத்துவிட்டார். லீவு கேட்டு, கிடைக்காமல், சொல்லாமலே இறங்கி ஒலவக்கோட்டுக்குப் போனேன். வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி ஜன்னல் வழியாக, "அவர் டூட்டிக்குப் போயிருக்கார்" என்றார். கொடியில் அவருடைய கோட்டு தொங்கியது. வாசலில் உட்கார்ந்தேன். கடைசியில் கதவைத் திறந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

உன் வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் அப்படியே மலையேறிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுச் சாமியாருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. அந்தத் துருவையாவது ஒரு தாளில் மடித்து வைத்திருக்கலாமே என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடிக்கிறது. இனி என்ன செய்யவேண்டும் என்று சொல், செய்கிறேன்.

உன் அண்ணன்

---

கொழிஞ்சாம்பாறை,
21 நவம்பர் 1920, ஞாயிறு

அண்ணா அவர்களுக்கு,

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். வேலைக்கு ஏதும் பங்கம் வரவில்லையே? சொல்லாமல் இறங்கி வந்ததற்குத் துரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று பூசையில் சூசையப்பனுக்கும் வடகரைப்பதிப் பெண்ணுக்கும் மூன்றாம் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லவேண்டும் என்று சாமியார் கேட்டார். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு என்ன தடை தெரியும்? புதன்கிழமை கல்யாணம்.

நீங்கள் செய்ய இனி ஒன்றுமில்லை. உங்களுக்கு ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சாமியார் மறுபடி கேட்டால் காட்டலாம் என்று வாட்சுக்குத் தினமும் சாவி கொடுத்துத் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். போன வாரம் மாமியாருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. எடுத்துப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், ஆறு, மணல், செபமாலை, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தண்ணீல போனவனோட கடியாரம் இப்படி ஓடுமா கண்ணு? எம் பையன் உசுரோட இருக்கறான். முன்னால இதைய அனுப்பி உட்டிருக்கறான், பின்னால அவன் வருவான்."

தெருவெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காதில் வைத்துக் காட்டினார். எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் ஓடுகிறது. ஆற்றில் கிடந்த வாட்சு ஓடாது என்று நீங்கள் எழுதிய பிப்ரவரிக் கடிதத்தைக் காட்டினேன். "அதேதான் நானும் சொல்றேன்" என்கிறார். என்மேல் இரக்கப்பட்டவர்கள்கூட, புருஷன் உயிரோடிருக்கும்போதே இன்னொருத்தனுக்கு ஆசைப்பட்டவள் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சாமியார் இன்று பூசையில் பவுல்ராஜ் பத்திரமாகத் திரும்ப வேண்டுதல் வைத்தார். நானும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன்.

அவருக்காக நான் இன்னும் அழவில்லை அண்ணா. அன்று மெழுகுதிரி ஏற்றி நீங்கள் அழுதீர்களே, அந்த அழுகை எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது கண் கலங்கினாலும், வருகிறவனுக்கு ஆகாது என்று மாமியார் அதட்டித் தலையில் பூ வைத்துவிடுகிறார்.

சாவி கொடுக்காமல் விட்டுப் பார்த்தேன். காலையில் மாமியாரே கொடுத்துவிடுகிறார். உங்கள் வேலை அவ்வளவு சுத்தம், ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் ஓடுகிறது. உலை கொதிக்கிறது. இன்றிலிருந்து உங்கள் மாப்பிள்ளைக்கும் சேர்த்து அரிசி போடச் சொல்லியிருக்கிறார் மாமியார், போய்ப் போடவேண்டும்.

தங்கை,
பிலோமி